களத்துத் தூசிக்குத் துண்டு போதுமா?

கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகே நிற்போரும், வைக்கோல் போர் பிரிப்போரும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வது வழக்கம். "இது போதாதா?" என்று உழவர் பெருமக்கள் பலர் கேட்பதுண்டு. போதாது. அதன் காரணத்தைக் காண்போம்.

நெஞ்சில் இறங்கும் தூசி

ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். நமது தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் சுணையும் உமித்தூளும் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 10 மைக்ரானுக்கும் சிறியவையே நெஞ்சுக்குள் இறங்குபவை. நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலில் எழும் வித்துகள் பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் குறைந்தவை. காலையில் அத்தகைய போரைப் பிரித்தவருக்கு மாலையில் இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வரலாம். இதற்கு 'உழவர் நுரையீரல்' நோய் என்றே பெயர். இது தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழும்.

சல்லடை போன்றதல்ல

துண்டின் நூலிடைவெளி வழியே இந்த வித்துகள் எளிதில் புகுந்துவிடும். நல்ல முகக்கவசத்திலும் இடைவெளிகள் தூசியைவிடப் பெரியவைதாம். ஆனால் அதன் இழைகள் மிக மெல்லியவை; பல அடுக்காகப் பின்னிக் கிடப்பவை. பெரிய துகள் காற்றோடு வளைந்து செல்ல இயலாமல் இழையில் மோதி ஒட்டும். மிக நுண்ணிய துகள் நிலையின்றித் துள்ளித் துள்ளி ஒட்டும். இடைப்பட்ட 0.3 மைக்ரான் அளவே பிடிக்கக் கடினமானது. அந்த அளவில் நூற்றுக்கு 95 துகள்களையாவது தடுப்பதே என்-95 முகக்கவசம்.

மின்னூட்டிய இழை

இழைகளை நெருக்கினால் தூசி நிற்கும். ஆனால் மூச்சு முட்டும். இதற்கு வழி தேடியவர்களுள் ஒருவர் தைவானில் பிறந்து, அமெரிக்காவின் டென்னசி பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் பீட்டர் சாய். சாக்கு நெய்யப் பயன்படும் அதே பாலிபுரோப்பிலீனை உருக்கி ஊதி எடுத்த நுண்ணிழைகளுக்கு மின்னூட்டும் முறையை அவர் குழுவினர் கண்டனர். 1995-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல் அந்த இழைகள் தூசியை இழுத்துப் பிடிக்கின்றன. 2019-இல் ஓய்வு பெற்ற அவர், 2020-இல் கொரோனா பரவியபோது, முகக்கவசத்தைக் கெடாமல் மீண்டும் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தார்.

கவனிக்க வேண்டியவை

1. என்-95 முகக்கவசத்தைச் சோப்பு நீரில் துவைக்கவோ, சாராயம் கலந்த கிருமிநாசினியால் துடைக்கவோ கூடாது. மின்னூட்டம் போய்விடும்.

2. முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் இடுக்கு வழியே தூசி புகும்.

3. பூச்சிமருந்து தெளிக்க இது போதாது. மருந்தின் ஆவியை இழை தடுக்காது. எண்ணெய்த் துளிக்கும் என்-95 ஏற்றதல்ல. மருந்துக் குப்பியில் உள்ள அறிவுரைப்படி, ஆவியைப் பிடிக்கும் கரிக்குப்பி பொருத்திய கவசத்தை அணிய வேண்டும். காற்றுக்கு எதிராகத் தெளிக்கலாகாது.

4. வைக்கோலை நன்கு உலர்த்திப் போர் போட்டால் பூசணமே பிடிக்காது. இதுவே முதற் காப்பு.

முகக்கவசத்தின் விலை ஒரு நாள் கூலியில் சிறு பங்கே. நுரையீரலில் விழுந்த தழும்பையோ எந்த மருந்தாலும் மாற்ற இயலாது. அடுத்த அறுவடைக்கு முன் வாங்கி வைப்பது நல்லது.