மூன்று சக்கர வண்டியின் மறுவாழ்வு



பழைய யந்திரம் ஒன்றைப் புதுப்பிப்பது என்றால், துருவைச் சுரண்டிப் பளபளப்பாக வர்ணம் பூசுவது என்றே பலரும் எண்ணுவர். வர்ணம் பூசுதல் அவ்வேலையின் கடைசிப் பகுதி. அதன் முதற்பகுதி, அந்த யந்திரத்தை ஆக்கியவர் ஒவ்வோர் உறுப்பையும் ஏன் அவ்வாறு அமைத்தார் என்று அறிந்துகொள்வது. பல்லாண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், அந்த முதற்பகுதியைப் பற்றியே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் தோன்றிய ஒரு சிறு மோட்டார் வண்டியை எடுத்துக்கொள்கிறேன்.

1945-இல் போரில் தோல்வியுற்ற ஜெர்மனியில் விமானம் கட்டுவது தடை செய்யப்பட்டது. கால் இழந்து வீடு திரும்பிய வீரரோ பலர். ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற பொறியியலார், அவர்கள் தாமே ஓட்டிச் செல்லத்தக்க மூன்று சக்கர வண்டி ஒன்றை 1948 முதல் செய்து வந்தார். உடற்குறை இல்லாதவரும் அதனை விரும்பவே, வேலையின்றி நின்ற மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலை அவருடன் சேர்ந்து, 1953-இல் ரேகன்ஸ்பர்க் நகரில் இத்தகைய வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. 1955-இல் வெளிவந்த கே. ஆர். 200 என்ற வண்டி 1964 வரை உற்பத்தியாயிற்று. அதனைத் தேடிப் பிடித்துத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சீர்செய்வோர் இன்றும் ஐரோப்பாவில் உள்ளனர்.

அதன் அமைப்பைப் பாருங்கள். முன்னே இரண்டு சக்கரம், பின்னே ஒன்று. வேகத்தைத் தடுக்கும்போது பளு முன்புறம் சாயும். அங்கே அகன்று நிற்கும் இரு சக்கரங்கள் அதனைத் தாங்கிக்கொள்ளும். முன்னே ஒரே சக்கரம் உள்ள வண்டி வளைவில் தடுக்கப்பட்டால் கவிழ்ந்துவிட அதிக வாய்ப்புண்டு. இருவர் ஒருவர் பின் ஒருவராக அமர்வதால் வண்டி குறுகலாகி, காற்றின் எதிர்ப்புக் குறைகிறது. எனவேதான் 191 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின், மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகம் தருகிறது.

இதனினும் வியப்பானது, வண்டி பின்னோக்கிச் செல்லும் விதம். இதற்கெனத் தனியான பற்சக்கரம் இல்லை. எஞ்சினை நிறுத்திச் சாவியை வேறு நிலையில் வைத்து மீண்டும் கிளப்பினால், எஞ்சினே எதிர்த்திசையில் சுழலும்! இரட்டை வீச்சு எஞ்சினில் வால்வுகள் இல்லை; சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. எத்திசையில் சுழன்றாலும் அது மேலும் கீழுமே செல்லுமாதலால், தீப்பொறியை உரிய நேரத்தில் எழுப்பினால் போதும். ஆகவே முன்னோக்கிச் செல்ல உள்ள நான்கு கியர்களும் பின்னோக்கிச் செல்லவும் உதவும்.

இப்பொழுது கொட்டகைக்குள் வருவோம். பல்லாண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கும். அதைச் சுத்தியலால் அடிக்கலாகாது. எண்ணெய் ஊற்றி நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு திருகுக்கும் பெயர்ச்சீட்டுக் கட்டி, அதன் இடத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு கிராங்க் அறையின் இரு புறமும் உள்ள ரப்பர் வளையங்களைக் கவனிக்க வேண்டும். காலத்தால் இறுகிய வளையம் காற்றைக் கசியவிடும். கலவையில் காற்று மிகுந்தால் வெப்பம் ஏறும். பிஸ்டன் இளகிச் சிலிண்டருடன் ஒட்டிக்கொள்ளும். சில ரூபாய் பெறும் ஒரு வளையத்தை அலட்சியம் செய்தால் முழு எஞ்சினும் பாழாகும்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, நிறமும் மணமும் இன்றி உயிரைக் குடிக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சந்தையில் கிடைக்கும் புதிய நான்கு வீச்சு எஞ்சினைப் பொருத்திவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வண்டி ஓடும், ஐயமில்லை. ஆனால் அத்தகைய எஞ்சினின் வால்வுகள் ஒரு திசைக்கென்றே அமைந்தவை. எனவே பின்னோக்கி ஓடும் அந்த அரிய உபாயம் அவ்வண்டியில் மறைந்துபோகும். அடுத்த தலைமுறை மாணவன் அதைத் திறந்து பார்த்தால், படைத்தவரின் கருத்தை அங்கே காணமாட்டான். பழுதுபார்த்தவரின் அவசரத்தையே காண்பான். ஏட்டுச்சுவடியில் சிதைந்த சொல்லுக்குப் பதிலாகத் தம் சொல்லை எழுதிவிட்டு, அதுவே மூலம் என்று காட்டும் பதிப்பாசிரியரை நாம் ஒப்புக்கொள்வோமா?

ஆயினும் எல்லாம் பழையதாகவே இருக்க வேண்டும் என்பதும் பேதைமை. தடைக்கம்பி, டயர், மின்கம்பி, பெட்ரோல் குழாய் ஆகியவை நைந்திருந்தால் தயங்காமல் புதிதாக மாற்ற வேண்டும். சாலையில் செல்லும் பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பழமையைக் காப்பது அறமாகாது. தேய்ந்த உறுப்பை மாற்றலாம்; வண்டியின் தத்துவத்தை மாற்றலாகாது. மாற்றியது எது, மூலமானது எது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வண்டியுடனேயே வைப்பது நேர்மை.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனாரின் சுவர்க்கடிகாரமோ, பழைய தையல் யந்திரமோ கிடக்கலாம். பெரியோரிடம் அனுமதி பெற்று, ஒரு தாளும் பென்சிலுமாக அதன் முன் அமருங்கள். திருகைத் தொடுமுன், இந்தச் சக்கரம் இங்கே எதற்கு என்று ஒரு கேள்வியை எழுதுங்கள். விடை கிடைத்த பிறகு திருப்புளியை எடுங்கள்.