எது இன்னும் இயங்குகிறது?

2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள். குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானம் ஒன்று காலை 10 மணியளவில் சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. அதில் 440 பயணிகளும் 29 பணியாளர்களும் இருந்தனர். சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது, இடப்பக்க இறக்கையிலிருந்த ஓர் இயந்திரம் வெடித்துச் சிதறியது. அந்த விமானத்தின் தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி.

ஆஸ்திரேலியரான இவர் 1975இல் தம் நாட்டின் விமானப்படையில் சேர்ந்தார். குறுகிய ஓடுபாதைகளிலும் இறங்கவல்ல கரிபூ போக்குவரத்து விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார். 1986இல் குவாண்டாஸ் நிறுவனத்தில் விமானியானார். பயணிகள் விமானத்தை ஓட்டத் துணிச்சல் மட்டும் போதாது. நூற்றுக்கணக்கானோரின் உயிருக்குப் பொறுப்பேற்கும் தலைமை விமானி, சக விமானிகளுடன் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும். எவ்வளவு அனுபவம் பெற்றவராக இருந்தாலும் அவ்வப்போது திறன் சோதனைக்கும் உட்பட வேண்டும். 15,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்திருந்த டி கிரெஸ்பினிக்கு அன்று அத்தகைய சோதனை நாள். அவரை மதிப்பிட ஒருவரும், அந்த மதிப்பீட்டாளரைக் கண்காணிக்க இன்னொருவரும் வந்திருந்தனர். அதனால் விமானியறையில் ஐந்து விமானிகள் இருந்தனர்.

இயந்திரத்தின் உடைந்த பாகங்கள் இறக்கையைத் துளைத்து நூற்றுக்கணக்கான மின்கம்பிகளை அறுத்துவிட்டன. எரிபொருள் கசிந்தது. கணினித் திரையில் 40க்கும் மேற்பட்ட எச்சரிக்கைச் செய்திகள் அடுத்தடுத்துத் தோன்றின. பழுதானவற்றை எண்ணிக்கொண்டே போனால் மனம் குழம்பிவிடும் என்பதை டி கிரெஸ்பினி உணர்ந்தார். எனவே கேள்வியையே மாற்றினார். “எதெல்லாம் பழுதாகிவிட்டது?” என்பதை விடுத்து, “எதெல்லாம் இன்னும் இயங்குகிறது?” என்று சிந்தித்தார். மாபெரும் விமானத்தை ஒரு சிறிய விமானமாக மனத்தில் கற்பனை செய்துகொண்டார். பறப்பதற்கும் திரும்புவதற்கும் இறங்குவதற்கும் தேவையானவை மிச்சமிருக்கின்றனவா என்று பார்த்தார். மிச்சமிருந்தன!

ஐவரும் பணிகளைப் பகிர்ந்துகொண்டனர். ஏறத்தாழ 50 நிமிடங்கள் வானில் வட்டமிட்டபடியே ஒவ்வொரு செய்தியையும் சரிபார்த்தனர். விமானத்தின் எடை, தரையிறங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட அளவைவிட 40 டன்னுக்கும் மேல் கூடுதலாக இருந்தது. சாங்கியின் 4,000 மீட்டர் ஓடுபாதையில் இறங்கினால் 100 மீட்டர் மட்டுமே மிஞ்சும் என்று அவர்களின் கணக்குக் காட்டியது. விமானம் 11.46 மணிக்கு இறங்கியது. ஓடுபாதை முடிய ஏறத்தாழ 150 மீட்டர் இருந்தபோது நின்றது. நான்கு சக்கரங்களில் காற்று இறங்கியிருந்தது.

ஆபத்து அத்துடன் முடியவில்லை. சூடேறிய பிரேக்குகளின் அருகே எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது. மற்றோர் இயந்திரமோ நிற்க மறுத்து ஓடிக்கொண்டே இருந்தது. பயணிகளை உடனே அவசரச் சறுக்குகள் வழியாக இறக்கினால் பலர் காயமடையக்கூடும். ஓடும் இயந்திரத்தின் அருகே சென்றுவிடவும் கூடும். ஆகவே, அவர்களை உள்ளேயே அமர்ந்திருக்கச் செய்தனர். தீயணைப்பாளர்கள் நுரையைப் பீய்ச்சி ஆபத்தைக் குறைத்த பிறகு, பயணிகள் படிக்கட்டு வழியாக ஒவ்வொருவராக இறங்கினர். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. அந்த இயந்திரத்தை நிறுத்தவே சுமார் மூன்று மணி நேரம் பிடித்தது.

இயந்திரத்தினுள் இருந்த எண்ணெய்க் குழாய் ஒன்று சரியாகத் தயாரிக்கப்படாததே வெடிப்புக்குக் காரணம் என ஆய்வில் தெரியவந்தது. குழாயில் விரிசல் ஏற்பட்டு, கசிந்த எண்ணெய் தீப்பற்றியிருந்தது.

விமான நிலையத்தில் டி கிரெஸ்பினி பயணிகளைச் சந்தித்து, நடந்ததை விளக்கினார். உதவி தேவைப்பட்டால் அழைக்கும்படி தம் கைப்பேசி எண்ணையும் கொடுத்தார். விமானத்தைத் தரையிறக்கியதோடு தம் கடமை முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை. நெருக்கடி வரும்போது இழந்தவற்றை எண்ணிக் கலங்குவது மனித இயல்பு. கையில் இருப்பவற்றை எண்ணிப் பார்ப்பதோ பயிற்சியால் வருவது. அந்தப் பயிற்சியே அன்று 469 பேரின் உயிரைக் காத்தது.