மழை பெய்தால் 107 எப்படி 145 ஆகிறது?

பல்லேகலயில் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் குடை கொண்டுபோவது வழக்கம். கூடவே ஒரு பென்சிலும் கொண்டுபோகலாம். 2023 செப்டெம்பர் 4ஆம் திகதி அங்கே ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவும் நேபாளமும் ஆடின. அந்த ஓர் ஆட்டத்தின் எண்களிலேயே இரண்டு நல்ல புதிர்கள் இருக்கின்றன.

நேபாளம் 230 ஓட்டங்களுக்குச் சகல விக்கெட்டுகளையும் இழந்தது. இந்தியா ஆடத் தொடங்கிய சற்று நேரத்தில் மழை வந்தது. இலக்கு 23 ஓவரில் 145 என்று திருத்தப்பட்டது. இந்த 145 எங்கிருந்து வந்தது?

யாருக்கும் முதலில் தோன்றுவது நேர்விகிதம். 50 ஓவரில் 231 என்றால் ஓவருக்கு 4.62. அதை 23ஆல் பெருக்கினால் 106.26, அதாவது 107 எடுத்தால் வெற்றி. ஆனால் கேட்கப்பட்டது அதைவிட 38 ஓட்டம் கூட. அநியாயம் போலத்தான் தெரியும்.

விடை விக்கெட்டுகளில் இருக்கிறது. முழு ஆட்டத்தில் பத்து விக்கெட்டை 300 பந்துகளுக்குப் பங்கிட வேண்டும், அதனால் நடுவில் நிதானமாக ஆடுவார்கள். 138 பந்துதான் என்றால் அதே பத்து விக்கெட்டை வைத்துக்கொண்டு துணிந்து அடிக்கலாம். ஆகவே பிராங்க் டக்வர்த், டோனி லூயிஸ் இருவரும் வகுத்து, பிறகு ஸ்டீவன் ஸ்டேர்ன் திருத்திய முறை, மிச்சமிருக்கும் ஓவரையும் விக்கெட்டையும் சேர்த்து ‘வளம்’ என்று வீதத்தில் அளக்கிறது. முதல் அணியின் ஓட்டத்தை அந்த வீதத்தால் பெருக்கி, பின்னத்தை விட்டுவிட்டு, 1 கூட்டினால் இலக்கு.

இனிப் பின்னிருந்து வருவோம். இலக்கு 145 என்றால் பெருக்கி வந்த விடை 144க்குக் குறையாமலும் 145ஐ எட்டாமலும் இருந்திருக்க வேண்டும். 144 ÷ 230 = 62.6 வீதம்; 145 ÷ 230 = 63.04 வீதம். இந்தியாவின் வளம் இவ்விரண்டுக்கும் நடுவில். ஓவர் 46 வீதமே இருந்தும் வளம் ஏறக்குறைய 63!

2024 ஜூலை 28 அன்று அதே மைதானத்தில் நடந்த ரி20 ஆட்டத்துக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். இலங்கை 20 ஓவரில் 161. மழைக்குப் பின் இந்தியாவுக்கு 8 ஓவரில் 78. ஓவர் 40 வீதம், வளமோ 77 ÷ 161, அதாவது 48 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்குகிறது. இடைவெளி சுருங்கிவிட்டது. ரி20இல் முழு ஆட்டத்திலும் யாரும் விக்கெட்டைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை, காரணம் அவ்வளவுதான்.

இரண்டாவது புதிர் சின்னது. இலக்கு 145, இந்தியா முடித்ததோ விக்கெட் இழப்பின்றி 147. கடைசிப் பந்துக்கு முன் எத்தனை? ஓடி எடுத்திருந்தால் 145ஆவது ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்திருக்கும், மேலே எதுவும் சேராது. எல்லைக் கோட்டைக் கடந்த அடிக்குத்தான் முழு ஓட்டமும் உண்டு. 2024 ஜூலை 30இல் இதே பல்லேகலயில் சுப்பர் ஓவரில் 3 தேவைப்பட்ட இடத்தில் சூர்யகுமார் யாதவ் அடித்த நான்கும் நான்காகவே எழுதப்பட்டது. எனவே வைட், நோபோல், ஓவர்த்ரோ போன்றவற்றை ஒதுக்கினால், அதற்கு முன் 143 (நான்கு) அல்லது 141 (ஆறு).

அதே விதியில் ஒரு பழைய கற்பனைப் புதிர். களத்தில் இருக்கும் துடுப்பாட்ட வீரர்கள் இருவரும் 94இல் நிற்கிறார்கள். ஆட்டத்தில் மிச்சம் 3 பந்து, வெற்றிக்கு 7 ஓட்டம். இருவரும் ஆட்டமிழக்காமல் சரியாக 100 எடுக்க வேண்டும்.

இருவருக்குமாக 12 வேண்டும், தேவையோ 7. மேலதிக 5ஐக் கடைசி அடிதான் கொண்டுவரும்: 1 தேவைப்படும்போது ஆறு. ஆகவே முதல் இரண்டு பந்தில் முதலாமவர் 6 எடுத்து, மூன்றாம் பந்துக்கு மற்றவர் முகங்கொடுக்க வேண்டும். ஆனால் 6 இரட்டை எண். முனை மாற ஒற்றைப்படையில் ஓடியிருக்க வேண்டும். இங்கேதான் பலர் சிக்குவார்கள். முதற் பந்தில் நான்கு. இரண்டாம் பந்தில் மூன்று ஓடுகிறார்கள். ஒரு தடவை துடுப்பு கோட்டைத் தொடாததால் நடுவர் ஓர் ஓட்டத்தைக் கழித்து இரண்டு மட்டும் கொடுக்கிறார். முதலாமவர் 100, தேவை 1, முனை மாறிவிட்டது. மற்றவர் ஆறு அடிக்கிறார்.