குறைவா அளந்து தெளிவா பார்க்க முடியுமா? ரத்தக்குழாய் எம்.ஆர்.ஐ

இந்த எபிசோடு எங்க அப்பாவோட காலில் இருந்து தொடங்குது.

திருவிடைமருதூர்ல வீட்டிலிருந்து தேரடி வரைக்கும் நடந்தாலே அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கும். சர்க்கரை ரொம்ப வருஷமா இருக்கு. ரத்தக்குழாய்ல அடைப்பான்னு பார்க்க எம்.ஆர்.ஐ எழுதினாங்க. சிறுநீரகம் பலவீனமா இருந்ததால கடோலினியம் ஊசி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஊசி இல்லாத ஸ்கேன் நீளமா போச்சு. வலி தாங்காம அப்பா நடுவுல காலை அசைச்சிட்டார். படத்துல தொடைப் பக்கம் ஒரு குறுகல். அது நிஜமா, அசைஞ்சதால வந்ததா? சொல்ல முடியல.

"ஏன்டா, போன்ல ஒரு செகண்ட்ல போட்டோ எடுக்குற. இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?"னு கேட்டார்.

காரணம், எம்.ஆர்.ஐ போட்டோ எடுப்பதில்லை. படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற அலைகளை வரி வரியா அளக்குது. எல்லா வரியும் வந்த பிறகு கணக்குப் போட்டுத்தான் படம் உருவாகும். நேரம் முழுக்க அந்த வரிகளுக்குத்தான் போகுது.

சரி, ஒண்ணு விட்டு ஒண்ணு அளந்தா? படம் தன்மேலேயே மடிஞ்சு விழும். உடம்பைச் சுத்தி வெச்ச பல காயில்கள் ஒவ்வொண்ணும் வேற வேற இடத்திலிருந்து கேட்பதால், அந்த மடிப்பைக் கணக்கால பிரிக்கலாம். 1999-ல் வந்த சென்ஸ், 2002-ல் வந்த கிராப்பா ரெண்டும் இதைத்தான் செய்தன.

அடுத்த பாய்ச்சல் 2007-ல். ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனோஹோ, ஜான் பாலி மூவரும் வேற கேள்வி கேட்டாங்க: ஜேபெக் ஒரு படத்தைச் சுருக்கும்போது பெரும்பகுதித் தகவலைத் தூக்கிப் போட்டுடுது, அப்போ அதை முதல்லயே ஏன் அளக்கணும்? இதுக்குப் பேர் கம்ப்ரெஸ்டு சென்சிங். வரிகளை ஒழுங்கா விடாம, தாறுமாறா விடணும். அப்போ மடிப்புக்குப் பதிலா படம் முழுக்க மெல்லிசா ஒரு புகை மாதிரி பரவும். பளிச்சுன்னு இருப்பதை வெச்சுக்கிட்டு, புகையைக் கழிச்சு, அளந்த வரிகளோட ஒத்துப்போகுதான்னு சரிபார்க்கணும். திரும்பத் திரும்ப இதையே செய்யணும்.

ரத்தக்குழாய் படம் இதுக்குன்னே செஞ்சது போல இருக்கும். அசையாத சதையை ரேடியோ துடிப்புகளால மங்க வெச்சுட்டா, புதுசா பாய்ந்து வரும் ரத்தம் மட்டும் ஒளிரும். கறுப்பு வயல்ல வாய்க்கால் மட்டும் மின்னுற மாதிரி. லஸ்டிக் குழு காட்டிய உதாரணங்கள்ல ரத்தக்குழாய் படமும் ஒண்ணு.

ஆனா பேராசை ஆகாது. ரொம்பக் குறைவா அளந்தா, மங்கலான மெல்லிய குழாயும் புகையோட சேர்ந்து கழிஞ்சுபோகும். அடைப்புக்குக் கீழே ரத்தம் மெதுவா ஓடும் இடம்தான் மங்கலா தெரியும். டாக்டர் பார்க்க வேண்டியதும் அதே இடம்தான்.

அப்பாவுக்கு வேற இடத்துல வேகமான முறையில மறுபடி எடுத்தோம். வலி வரும் முன்னாடியே முடிஞ்சது. படம் தெளிவா இருந்தது, குறுகல் நிஜம்தான். சிகிச்சை தொடங்கியாச்சு.

வேகம்னா வெறும் நேர மிச்சம்னு நினைச்சிருந்தேன். அசையாம படுக்க முடியாதவருக்கு, வேகம்தான் தெளிவு. உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஸ்கேன் இருந்தா, எவ்வளவு நேரம் வலியில்லாம படுக்க முடியும்னு டெக்னீஷியனிடம் முதல்லயே சொல்லிடுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.