இதயத்தின் சுமையை இறக்கும் மருந்து

தஞ்சோங் பகார் அடுக்குமாடி வீடு ஒன்றில், அதிகாலை மூன்று மணிக்கு முதியவர் ஒருவர் திடுக்கிட்டு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரால் படுக்க முடியவில்லை. மூச்சுத் திணறுகிறது; உடல் வியர்க்கிறது; மூச்சுவிடும்போது நெஞ்சில் ஈரமான இரைச்சல் கேட்கிறது. வீட்டார் 995 என்ற எண்ணை அழைக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை தொலைவில் இல்லை. அடுத்த ரயில் நிலையமான ஊட்ரம் பார்க்கிற்கு அருகில்தான் இருக்கிறது. ஆயினும், அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு மிக நீண்டவை.

அவர் உடலில் என்ன நடக்கிறது? இரத்தக் குழாய்கள் இறுகி, இரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்துவிட்டது. அந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தை வெளியே தள்ள இதயத்தால் முடியவில்லை. இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அங்குள்ள நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளை நிரப்புகிறது. இதைத் திடீர் இதயச் செயலிழப்பு என்பர்.

இவ்வட்டாரத்தின் பழைய காட்சி ஒன்று சிகிச்சையைப் புரிந்துகொள்ள உதவும். 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கப்பட்ட பின், தமிழர் உட்படப் பல தொழிலாளர்கள் இங்கு மூட்டை சுமந்தார்கள். பாரம் தாங்காமல் தள்ளாடும் ஒருவரை வேகமாக நடக்கும்படி விரட்டலாம்; அல்லது ஒரு மூட்டையை இறக்கி வைக்கலாம். இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்துகள் செய்வது இரண்டாவது வேலை.

அவற்றுள் முக்கியமானது நைட்ரோகிளிசரின். இதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகளை அது முதலில் விரிக்கிறது. இரத்தத்தின் ஒரு பகுதி அவற்றிலேயே தங்கிவிடுவதால், இதயத்திற்குத் திரும்பும் அளவு குறைகிறது. மருந்தைக் கூட்டினால் தமனிகளும் விரிகின்றன. இதயம் எதிர்க்க வேண்டிய அழுத்தம் தணிகிறது.

இம்மருந்தை விழுங்கினால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனால்தான் நாக்கின் அடியில் வைக்கிறார்கள் அல்லது சிரைவழி செலுத்துகிறார்கள். சிரைவழி செலுத்தினால் ஓரிரு நிமிடங்களில் பலன் தெரியும்; நிறுத்தினால் சில நிமிடங்களில் மறைந்துவிடும். பொதுவாக நிமிடத்திற்கு 5 அல்லது 10 மைக்ரோகிராம் என்று தொடங்கி, இரத்த அழுத்தத்தை அளந்து அளந்து கூட்டுவார்கள். ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்! அளவு மீறினால் அழுத்தம் சரிந்து, மூளைக்கும் இதயத்திற்குமே இரத்தம் போதாமல் போகும். சிலவகைப் பிளாஸ்டிக் குழாய்கள் இம்மருந்தை உறிஞ்சிக்கொள்வதால், கண்ணாடிப் புட்டியும் தனிவகைக் குழாயும் பயன்படுத்துவதுண்டு.

விந்தை என்னவென்றால், இதே பொருள் வெடிமருந்தும்கூட. இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ 1847இல் இதைக் கண்டுபிடித்தார். சிறிதளவு நாவில் வைத்துப் பார்த்தபோது அவருக்குக் கடுமையான தலைவலி வந்தது. தலையிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்ததே அதற்குக் காரணம். 1867இல் ஆல்ஃபிரட் நோபல் இதைக்கொண்டு செய்த டைனமைட்டிற்குக் காப்புரிமை பெற்றார். 1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல், நெஞ்சுவலிக்கு இது மருந்தாகும் என்று எழுதினார். பின்னாளில் நோபலுக்கே இதய நோய் வந்தபோது, மருத்துவர்கள் இதையே பரிந்துரைத்தார்கள். இம்மருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்குகிறது. அந்த வாயுவே குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. அதன் பங்கைக் கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனினும், மாரடைப்பில் தமனியை அடைத்திருக்கும் இரத்தக் கட்டியை இம்மருந்து கரைக்காது. வலி தணிந்தாலும் அடைப்பு அப்படியே இருக்கலாம். அதை நீக்க வேறு சிகிச்சை வேண்டும்.

முதியவருக்கு மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. சற்று நேரத்தில் இரைச்சல் குறைகிறது. அவரால் சாய்ந்துகொள்ள முடிகிறது. "தலை வலிக்கிறதம்மா," என்கிறார். செவிலியர் வியப்படையவில்லை. மீண்டும் ஒருமுறை இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்.