இந்தியாவில் வாழ்க்கைச் செலவின் வட்டார வேறுபாடுகள்

இந்தியாவில் வாழ்க்கைச் செலவின் வட்டார வேறுபாடுகள் என்பது இந்தியாவின் மாநிலங்கள், நகரங்கள், ஊரகங்கள் ஆகியவற்றுக்கு இடையே பொருட்களின் விலை, பணிகளின் கட்டணம், வீட்டு வாடகை, வீட்டு விலை ஆகியவற்றில் காணப்படும் ஏற்றத்தாழ்வுகளைக் குறிக்கும். நாடு முழுவதும் ஒரே நாணயம் வழங்கினாலும் ஒரு ரூபாய் எல்லா இடங்களிலும் ஒரே அளவு பொருளை வாங்குவதில்லை. அரிசி, சோப்பு, கைபேசி போன்ற பொருட்களில் இவ்வேறுபாடு சிறிதாகவும், கூலியைச் சார்ந்த பணிகளில் நடுத்தரமாகவும், வீட்டு விலையில் மிகப் பெரிதாகவும் உள்ளது. ஊதியம், வீட்டு வாடகைப்படி, வறுமைக் கோடு, வீட்டு வசதித் திட்டங்கள் ஆகியவற்றை வகுக்கும்போது இவ்வேறுபாடு எவ்வாறு கணக்கில் கொள்ளப்படுகிறது என்பது மக்களின் உண்மை வருமானத்தை நேரடியாகப் பாதிக்கிறது.

அடிப்படைக் கருத்துக்கள்

இத்துறையில் இரண்டு வேறுபாடுகளைத் தெளிவாக அறிந்து கொள்வது இன்றியமையாதது.

முதலாவது, விலை நிலைக்கும் விலை மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு. ஓர் இடத்தில் விலைகள் எவ்வளவு உயரத்தில் உள்ளன என்பது விலை நிலை. அவை குறிப்பிட்ட காலத்தில் எவ்வளவு ஏறின என்பது விலை மாற்றம். விலைச் சுட்டெண்கள் பெரும்பாலும் விலை மாற்றத்தையே அளக்கின்றன. அடிப்படை ஆண்டில் எல்லா இடங்களுக்கும் 100 என்ற மதிப்பே தரப்படும். ஆகவே ஒரு நகரின் சுட்டெண் 150 எனவும் மற்றொன்றின் சுட்டெண் 140 எனவும் இருந்தால், முதல் நகரம் செலவு மிகுந்தது என்று பொருளாகாது. அங்கு விலைகள் விரைவாக ஏறியுள்ளன என்பதே பொருள்.

இரண்டாவது, வாழ்க்கைச் செலவுக்கும் மக்கள் செய்யும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. ஒரே வாழ்க்கைத் தரத்தைப் பெற இரண்டு இடங்களில் ஆகும் தொகைகளை ஒப்பிடுவது வாழ்க்கைச் செலவு ஒப்பீடு ஆகும். ஓர் இடத்தில் மக்கள் மிகுதியாகச் செலவிடுவதற்கு விலை உயர்வும் காரணமாகலாம், அவர்கள் வசதியாக வாழ்வதும் காரணமாகலாம். 2023-24 ஆம் ஆண்டு வீட்டு நுகர்வுச் செலவினக் கணக்கெடுப்பின்படி தலைக்குரிய மாதச் சராசரிச் செலவு ஊரகங்களில் 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய். இந்த இடைவெளியின் ஒரு பகுதி விலை வேறுபாடு, மறு பகுதி வாழ்க்கைத் தர வேறுபாடு. கணக்கெடுப்பின் சராசரியை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

வேறுபாடுகளுக்கான காரணங்கள்

பொருட்கள்

ஓரிடத்தில் மலிவாகவும் மற்றோரிடத்தில் விலை கூடியும் உள்ள பொருளை வணிகர்கள் எடுத்துச் சென்று விற்பர். ஆகவே எளிதில் கொண்டு செல்லக்கூடிய பொருட்களின் விலை, போக்குவரத்துச் செலவும் வரியும் நீங்கலாக, ஒன்றையொன்று நெருங்கும். சூலை 1, 2017 இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாநிலங்களுக்கு இடையிலான வரி வேறுபாட்டைப் பெருமளவு குறைத்தது. எனினும் பெட்ரோல், டீசல், மதுபானம் ஆகியவை அதற்கு வெளியே வைக்கப்பட்டதால் அவற்றின் விலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

போக்குவரத்து கடினமான இடங்களில் இவ்விதி தளர்கிறது. நாகாலாந்தின் மலை ஊர்களுக்குப் பெரும்பாலான பொருட்கள் சமவெளியிலுள்ள திமாப்பூரிலிருந்து சாலை வழியாக ஏற வேண்டியுள்ளது. லடாக்கில் சோசி லா கணவாய் பனியால் மூடும் குளிர்காலத்துக்கான பொருட்களைக் கோடையிலேயே சேமிப்பது நெடுங்கால வழக்கமாகும்.

விலையைச் சமப்படுத்த அரசும் முயன்றதுண்டு. 1950களில் தொடங்கிய சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கையின்படி எஃகு முதலான சில பொருட்கள், எவ்வளவு தொலைவுக்குக் கொண்டு செல்லப்பட்டாலும், நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டது. இதனால் சுரங்கங்களுக்கு அருகில் அமைந்திருந்த பிகார் போன்ற மாநிலங்கள் தம் இயற்கையான ஆதாயத்தை இழந்தன என்ற குறை எழுந்தது. 1990களின் தொடக்கத்தில் இக்கொள்கை கைவிடப்பட்டது.

பணிகள்

முடி திருத்துதல், வீட்டு வேலை, கட்டட வேலை போன்ற பணிகளை வேறிடத்திலிருந்து இறக்குமதி செய்ய இயலாது. எனவே அவற்றின் விலை உள்ளூர்க் கூலியைப் பொறுத்தது. ஒரு நகரில் மென்பொருள், நிதி போன்ற துறைகள் வளர்ந்து ஊதியம் உயர்ந்தால், அந்நகரின் முடி திருத்துநரின் கட்டணமும் உயரும். அவரது திறன் மாறாதபோதும், ஊரின் பொதுவான ஊதியத்துக்கு ஈடாகக் கிடைக்காவிட்டால் அத்தொழிலில் ஆட்கள் நிலைக்க மாட்டார்கள். நாடுகளுக்கு இடையில் காணப்படும் இத்தகைய போக்கை 1964 ஆம் ஆண்டில் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் ஆகிய பொருளியலாளர்கள் தனித்தனியே விளக்கினர். இது பலாசா-சாமுவேல்சன் விளைவு எனப்படுகிறது. ஒரே நாட்டின் வட்டாரங்களுக்கும் இது பொருந்தும்.

நிலமும் வீடும்

நிலத்தை இடம் பெயர்க்க முடியாது. வேலைவாய்ப்பு குவியும் இடத்தில் வீட்டுத் தேவை பெருகும்போது, புதிய வீடுகள் எவ்வளவு எளிதாகக் கட்டப்படுகின்றன என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. இதில் இயற்கை அமைப்புக்கும் சட்டத்துக்கும் பங்குண்டு.

மும்பை கடலுக்குள் நீண்ட குறுகிய நிலப்பகுதியில் அமைந்தது. அது வடக்கிலும், கடற்கழியைக் கடந்து கிழக்கிலுமே விரிய முடியும். சென்னைக்குக் கிழக்கில் மட்டும் கடல். பெங்களூரும் ஐதராபாத்தும் பீடபூமியில் அமைந்து எல்லாத் திசைகளிலும் விரிகின்றன.

ஒரு மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு எழுப்பலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு கட்டுப்படுத்துகிறது. மும்பையில் 1991 ஆம் ஆண்டு விதிகள் தீவு நகருக்கு 1.33 எனவும் புறநகர்ப் பகுதிகளுக்கு 1.0 எனவும் அடிப்படை அளவை நிர்ணயித்தன. நிலம் அரிதான நகரில் உயரத்தையும் கட்டுப்படுத்தியது விலையேற்றத்துக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இதற்கு மாறாக ஐதராபாத்தில் 2006 ஆம் ஆண்டில் இக்குறியீட்டு வரம்பு நீக்கப்பட்டு, சாலை அகலம் போன்றவற்றின் அடிப்படையில் கட்டட உயரம் முறைப்படுத்தப்பட்டது. சென்னையில் பொதுவான அளவு 2018 இல் 1.5 இலிருந்து 2.0 ஆக உயர்த்தப்பட்டது.

1976 ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் நில வழங்கலைச் சுருக்கியது. நடுவண் அரசு 1999 இல் இதனை நீக்கியபோதும் மகாராட்டிரத்தில் 2007 வரை இது நீடித்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் குறிப்பிடத்தக்கவை. 1947 ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வாடகைகளை 1940 ஆம் ஆண்டு அளவில் உறையச் செய்தது. பழைய குடியிருப்பாளர்கள் இதனால் பாதுகாக்கப்பட்டனர். ஆனால் உரிமையாளர்கள் கட்டடங்களைப் பராமரிக்கவும் புதிதாக வாடகைக்கு விடவும் தயங்கினர்.

வீட்டு விலையும் வாடகையும்

நகரங்களுக்கு இடையில் வாடகை வேறுபாட்டைவிட வீட்டு விலை வேறுபாடு பெரிதாக இருப்பது வழக்கம். வாடகை என்பது இன்று குடியிருப்பதற்கான விலை. வீட்டு விலையிலோ எதிர்கால ஏற்றம் பற்றிய எதிர்பார்ப்பும் அடங்கும். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வாடகை தரும் இரண்டு வீடுகளைக் கருதலாம். விலை ஏறும் என நம்பப்படும் நகரில் வாங்குவோர் 3 விழுக்காடு வாடகை வருவாயோடு நிறைவடைந்தால் அவ்வீட்டின் விலை 1 கோடி ரூபாய். அத்தகைய நம்பிக்கை இல்லாத நகரில் 5 விழுக்காடு எதிர்பார்த்தால் விலை 60 லட்சம் ரூபாய். குடியிருப்பவருக்கு இரண்டும் ஒரே செலவு, வாங்குபவருக்கு 40 லட்சம் ரூபாய் வேறுபாடு.

இந்த எதிர்பார்ப்பின் மற்றொரு விளைவு பூட்டிக் கிடக்கும் வீடுகள். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1.11 கோடி வீடுகள் ஆளின்றி இருந்தன. அடுத்த ஆண்டில் அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி வீடுகள் என மதிப்பிட்டது. அதே கணக்கெடுப்பின்படி பெருமும்பை மக்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர்.

அளவீடு

நுகர்வோர் விலைச் சுட்டெண்

2012 ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடருக்கு 1,181 சிற்றூர்களிலும் 310 நகரங்களிலும் விலைகள் திரட்டப்பட்டன. அதில் நகர்ப்புறச் சுட்டெண்ணில் வீட்டு வசதியின் எடை 21.67 விழுக்காடு. ஊரகச் சுட்டெண்ணில் வீட்டு வசதி இடம்பெறவே இல்லை. இவ்வளவு விரிவாக விலைகள் திரட்டப்பட்டபோதும், இச்சுட்டெண் இடங்களுக்கு இடையிலான விலை நிலையை ஒப்பிடுவதற்காக அமைக்கப்பட்டதன்று. ஐக்கிய அமெரிக்காவில் இத்தேவைக்காகவே நாட்டின் சராசரியை 100 எனக் கொண்டு மாநிலவாரியான விலை ஒப்பீடு ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறது.

வறுமைக் கோடு

இந்தியாவில் அரசு வெளியிட்ட கணக்குகளில் விலை நிலை ஒப்பீட்டுக்கு மிகவும் உதவுவது வறுமைக் கோடாகும். சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழுவின் முறைப்படி, ஒரே வாழ்க்கைத் தரத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஆகும் தொகை விலை வேறுபாட்டுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. 2011-12 ஆம் ஆண்டுக்குத் திட்டக் குழு 2013 இல் வெளியிட்ட, ஓர் ஆளுக்குரிய மாத அளவுகள் சில வருமாறு:

* ஒடிசா: ஊரகம் 695 ரூபாய், நகரம் 861 ரூபாய்
* மத்தியப் பிரதேசம்: ஊரகம் 771 ரூபாய், நகரம் 897 ரூபாய்
* தமிழ்நாடு: ஊரகம் 880 ரூபாய், நகரம் 937 ரூபாய்
* கேரளம்: ஊரகம் 1,018 ரூபாய், நகரம் 987 ரூபாய்
* நாகாலாந்து: ஊரகம் 1,270 ரூபாய், நகரம் 1,302 ரூபாய்
* இந்தியா முழுமைக்கும்: ஊரகம் 816 ரூபாய், நகரம் 1,000 ரூபாய்

இவற்றின்படி ஒடிசாவின் சிற்றூரில் 100 ரூபாய்க்குப் பெற்றதைப் பெறக் கேரளச் சிற்றூரில் ஏறத்தாழ 146 ரூபாயும் நாகாலாந்துச் சிற்றூரில் ஏறத்தாழ 183 ரூபாயும் தேவைப்பட்டன. கேரளத்தில் ஊரக அளவு நகர அளவை விஞ்சியிருப்பது கவனிக்கத்தக்கது. அங்கு ஊரும் நகரும் இடைவெளியின்றித் தொடர்வதால் இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு மங்கியுள்ளது.

வீட்டு விலைச் சுட்டெண்கள்

தேசிய வீட்டு வசதி வங்கி 2007 முதல் ரெசிடெக்ஸ் என்னும் சுட்டெண்ணை வெளியிட்டு வருகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2010-11 ஐ அடிப்படையாகக் கொண்டு பத்து நகரங்களின் பத்திரப் பதிவுத் தரவுகளிலிருந்து காலாண்டுச் சுட்டெண்ணைத் தொகுத்தது. இவையும் விலை மாற்றத்தையே அளப்பவை. பதிவுக்கான அரசு மதிப்பு தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு எனவும், மகாராட்டிரத்தில் ரெடி ரெக்கனர் எனவும், தில்லியில் சர்க்கிள் ரேட் எனவும் அழைக்கப்படுகிறது. சந்தை விலை இதனினும் கூடுதலாக இருக்கும் இடங்களில் பத்திரத்தில் காணும் தொகை உண்மை விலையைக் காட்டாமல் போவதுண்டு.

அரசுக் கொள்கைகளில் வட்டார வேறுபாடு

நடுவண் அரசு ஊழியரின் அகவிலைப்படி அனைத்திந்தியச் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்டு நாடு முழுவதற்கும் ஒரே விழுக்காடாக வழங்கப்படுகிறது. வட்டார வேறுபாட்டை ஈடுசெய்யும் முதன்மையான கருவி வீட்டு வாடகைப்படி ஆகும். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை அடுத்து, 2017 சூலை முதல் எக்ஸ், ஒய், இசட் வகை ஊர்களுக்கு அடிப்படை ஊதியத்தில் முறையே 24, 16, 8 விழுக்காடு என இது வழங்கப்பட்டது. அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டியபோது, 2024 சனவரி முதல் 30, 20, 10 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வகைப்பாடு மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டதே தவிர வாடகையை அன்று. 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மும்பையும் அகமதாபாத்தும் ஒரே எக்ஸ் வகையில் அடங்குகின்றன.

1962 ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் வாடகைப்படி விலக்குக்கு மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடு எனவும் ஏனைய ஊர்களுக்கு 40 விழுக்காடு எனவும் வரம்பு வகுத்தன. பெங்களூர் எவ்வளவோ வளர்ந்த பின்னரும் இவ்விதிகளின் கீழ் ஏனைய ஊர்களோடே எண்ணப்பட்டு வந்தது. 2019 ஏப்ரலில் வந்த சரக்கு சேவை வரிச் சலுகையில், எளிய விலை வீட்டின் பரப்பு பெருநகரங்களில் 60 சதுர மீட்டர், பிற இடங்களில் 90 சதுர மீட்டர் என வேறுபடுத்தப்பட்டது. விலை வரம்போ எங்கும் 45 லட்சம் ரூபாயாகவே அமைந்தது. இத்தொகை சிறுநகரில் ஒரு நல்ல வீட்டுக்குப் போதுமானது. மும்பையின் பெரும்பகுதியில் இவ்விலைக்கு வீடு கிடைப்பது அரிது.

பொது விநியோகத் திட்டம் இதற்கு நேர்மாறான விளைவைத் தருகிறது. 2013 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரிசி எங்கும் கிலோ 3 ரூபாயாக இருந்து, 2023 சனவரி முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. இதனால் ஏழைகளின் உணவுச் செலவில் வட்டார வேறுபாடு ஓரளவு குறைகிறது.

கூலியும் இடப்பெயர்வும்

விலை வேறுபாட்டைவிடக் கூலி வேறுபாடு பன்மடங்கு பெரிது. 2022-23 இல் ஊரகக் கட்டடத் தொழிலாளரின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 850 ரூபாய்க்கு மேலும், மத்தியப் பிரதேசத்தில் 300 ரூபாய்க்குக் கீழும் இருந்தது. மேற்கண்ட வறுமைக் கோடுகள் முந்தைய ஆண்டுக்கு உரியவையாயினும், அவற்றின்படி இவ்விரு மாநிலங்களுக்கு இடையிலான ஊரக விலை வேறுபாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. கூலியோ ஏறக்குறைய மூன்று மடங்கு. கேரளத்தில் ஈட்டி, குடும்பத்தின் செலவைச் சொந்த ஊரின் விலையில் நடத்துவது தொழிலாளருக்குப் பெரும் ஆதாயம் தருகிறது. பலர் குடும்பத்தை உடன் அழைத்து வராமல், ஓர் அறையைப் பலருடன் பகிர்ந்து வாழ்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

விலை நிலைக்கும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியாமையின் விளைவை 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் காணலாம். அதன் கூலி 2011 முதல் வேளாண் தொழிலாளர் விலைச் சுட்டெண்ணின் மாற்றத்துக்கு ஏற்ப மாநிலவாரியாக உயர்த்தப்பட்டது. தொடக்கத்தில் குறைவாக இருந்த மாநிலத்தின் கூலி, விலையேற்றத்தை ஈடுசெய்தபோதும் குறைவாகவே நீடித்தது. 2024-25 இல் அரியானாவில் நாட்கூலி 374 ரூபாய், தமிழ்நாட்டில் 319 ரூபாய், நாகாலாந்தில் 234 ரூபாய். 2011-12 ஆம் ஆண்டுக் கணக்கில் மாநிலங்களுள் மிக உயர்ந்த ஊரக வறுமைக் கோட்டைக் கொண்டிருந்த நாகாலாந்து, இத்திட்டத்தில் மிகக் குறைந்த கூலி பெற்ற மாநிலங்களுள் ஒன்றாக இருந்தது.

இவற்றையும் பார்க்க

* பணவீக்கம்
* வாங்கும் திறன் சமநிலை
* நுகர்வோர் விலைச் சுட்டெண்
* தளப்பரப்புக் குறியீடு
* இந்தியாவில் வறுமை