'பெரிய' என்று ஒரு தமிழ்ச் சொல், இங்கிலீஷில் அதற்கு ஒரு பட்டாளம்!



தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வீடும் பெரிசு, சந்தோஷமும் பெரிசு, அம்மாவின் அக்கா பெரியம்மா, முழு ஆண்டுத் தேர்வு பெரிய பரீட்சை, தஞ்சாவூரில் இருப்பது பெரிய கோயில். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டிவிடுகிறோம். இங்கிலீஷில் அந்தப் பருப்பு வேகாது. பிக், லார்ஜ், கிரேட், ஹியூஜ், வாஸ்ட், டால், ஹை, வைட், பிராட் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. அகராதியைப் புரட்டினால் பாதிக்கு 'பெரிய' என்றும் மீதிக்கு 'உயரமான', 'அகலமான' என்றும்தான் போட்டிருக்கும். எதை எங்கே போடுவது? மாற்றிப் போட்டால் மார்க் போகும். அதுகூடப் பரவாயில்லை, சில இடங்களில் செய்தியே தலைகீழாகிவிடும். அதைக் கடைசியில் சொல்றேன்.

முதலில் பிக்கும் லார்ஜும். பிக் ஹவுஸ் என்றாலும் லார்ஜ் ஹவுஸ் என்றாலும் அதே வீடுதான். ஆனால் பிக் பேச்சுச் சொல். லார்ஜ் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்த சொல்! அளந்து, எண்ணிச் சொல்லும் இடத்தில் அதுதான் வரும். உங்க சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்க. எஸ், எம், எல் என்று இருக்கும். அந்த எல்தான் லார்ஜ். 'பி' போட்ட சட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. 'எ லார்ஜ் நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்', 'எ லார்ஜ் அமவுன்ட் ஆஃப் வாட்டர்' என்று எழுதணும். அங்கே பிக் போட்டால் டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

உறவைச் சொல்லும்போது இது அப்படியே மாறும். 'மை பிக் சிஸ்டர்' என்றால் என் அக்கா. 'மை லார்ஜ் சிஸ்டர்' என்றால் அக்கா குண்டு என்று ஊருக்கே அறிவித்த மாதிரி. அப்புறம் வீட்டில் நடப்பதற்கு இந்தச் சுவர் இதழ் பொறுப்பல்ல! பிக்குக்கு 'மூத்த', 'முக்கியமான' என்ற அர்த்தங்களும் உண்டு. அதனால் பிக் டிசிஷன், பிக் மிஸ்டேக். இங்கே லார்ஜ் ஒட்டாது. அதற்காகப் பெரியம்மாவை பிக் மதர் என்று எழுதிவிடாதீங்க. பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாருக்கும் அவங்க மொழியில் ஆன்ட்டி என்ற ஒரே பெயர்தான். இந்த விஷயத்தில் நாமதான் பணக்காரங்க.

அடுத்தது கிரேட். சந்தோஷம், துக்கம், பொறுமை, கஷ்டம் இதையெல்லாம் டேப் வைத்து அளக்க முடியுமா? முடியாது. அப்படிப்பட்டவற்றுக்கு கிரேட் வரும். ஆண்டு விழா மேடையில் வரவேற்புரை சொல்பவர் 'இட் கிவ்ஸ் மீ கிரேட் பிளஷர்' என்று ஆரம்பிப்பாரே, அதுதான். பிக் பிளஷர் என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. மனிதரோடு சேர்ந்தால் பெருமையைக் காட்டும். காந்தியடிகள் கிரேட் மேன். உடம்பைப் பார்த்தால் லார்ஜ் மேன் இல்லவே இல்லை.

ஆனால் பழைய இங்கிலீஷில் கிரேட் என்பதும் உருவத்தில் பெரிசு, தடிச்சது என்ற பொருளில்தான் இருந்தது. அந்தப் பழைய பொருள் இடப் பெயர்களில் இன்னும் ஒளிந்திருக்கிறது. கிரேட் பிரிட்டன் என்றால் 'மகத்தான பிரிட்டன்' என்று பலர் நினைக்கிறாங்க. பிரான்ஸில் பிரிட்டனி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இந்தத் தீவுக்கு கிரேட் என்ற அடைமொழி. நம்ம நாட்டு வரைபடத்தைப் பாருங்க, கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார் என்று அடுத்தடுத்துத் தீவுகள். கானமயிலின் இங்கிலீஷ் பெயர் கிரேட் இந்தியன் பஸ்டர்ட். ஏதோ சாதனை செய்து வாங்கிய பட்டம் இல்லை அது! நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், அவ்வளவுதான் காரணம்.

இதில் தஞ்சைக் கோயில் ரொம்ப அழகான உதாரணம். பேச்சில் அதை பிக் டெம்பிள் என்கிறோம். 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. 2004-ல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. மூன்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் 'கிரேட் லிவிங் சோழா டெம்பிள்ஸ்'. பிக் அளவைச் சொல்கிறது, கிரேட் பெருமையைச் சொல்கிறது. இரண்டுமே சரி.

பொது அறிவுப் போட்டிக்குப் போகிறவங்க இனிமேல் வருவதைக் கவனமாகப் படிங்க. 'உயரமான' என்பதற்கு இங்கிலீஷில் டால், ஹை என இரண்டு. அடியிலிருந்து நுனி வரை ஒடிசலாக நெடுநெடு என நிற்பது டால்: ஆள், தென்னை மரம், கோபுரம். தரையிலிருந்தோ கடல் மட்டத்திலிருந்தோ எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஹை: மலை, மேகம், அலமாரியின் மேல்தட்டு. உலகின் ஹையஸ்ட் மலை எது? எவரெஸ்ட், கடல் மட்டத்திலிருந்து 8,848.86 மீட்டர் (2020-ல் அறிவித்த அளவு). டாலஸ்ட் மலை எது என்று கேட்டால்? ஹவாய்த் தீவில் உள்ள மௌனா கியா! கடலுக்கு மேலே தெரிவது 4,207 மீட்டர்தான். ஆனால் அதன் அடிவாரம் கடலின் ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். கேள்வியில் ஒரு சொல் மாறினால் விடை ஆசியாவிலிருந்து பசிபிக் கடலுக்கே போய்விடுகிறது, பார்த்தீங்களா? ஆறுகளும் இப்படித்தான். லாங்கஸ்ட் என்று கேட்டால் சுமார் 6,650 கி.மீ. நீளமுள்ள நைல் என்பது வழக்கமான விடை. லார்ஜஸ்ட் என்று கேட்டால் தண்ணீரின் அளவில் எல்லா ஆறுகளையும் மிஞ்சும் அமேசான். அதனால் கேள்வியை முழுசாகக் கேட்காமல் பஸ்ஸரை அமுக்காதீங்க.

அகலத்துக்கு வைட், பிராட். (பிராட் என்றதும் ஏமாற்றுப் பேர்வழி ஞாபகம் வரக்கூடாது. அது வேற!) ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உள்ள தூரம், இடைவெளி என்றால் வைட்: கதவு, வாசல், திறந்த வாய். கிரிக்கெட்டில் அம்பயர் இரண்டு கையையும் விரிப்பதும் அதுதான், பந்து பேட்ஸ்மேனுக்கு எட்டாமல் அகலப் போய்விட்டது. பரந்த தோள், முதுகு, மலர்ந்த சிரிப்பு, பட்டப்பகல் இவற்றுக்கெல்லாம் பிராட். ரயிலிலும் 1,676 மில்லிமீட்டர் பாதையை பிராட் கேஜ் என்றுதான் சொல்வாங்க, வைட் கேஜ் என்பதில்லை. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. போகிற போக்கில் ஒன்று: 2007-ல் டர்பனில் யுவராஜ் சிங்கிடம் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் வாங்கிய பவுலரின் பெயர் பிராட். அந்த ஓவரில் ஒரு வைட் கூட இல்லை!

ஹியூஜ் என்றால் மிகப் பெரிய. 'மிக' அதற்குள்ளேயே இருப்பதால் முன்னால் வெரி வேண்டாம். வாஸ்ட் பெரும்பாலும் பரப்புக்கு. கடல், பாலைவனம், ஆகாயம் எல்லாம் வாஸ்ட். யானை ஹியூஜ். பரந்த கடல் என்போம், பரந்த யானை என்று யாராவது சொல்வோமா? அதே கணக்குதான்.

இனி, தலைகீழாகும் என்றேனே, அந்த விஷயம். லிட்டில், எ லிட்டில். ஒரு குட்டி 'எ'தான் வித்தியாசம். 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. வெறும் 'லிட்டில்' என்றால் இல்லாத மாதிரிதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் 'தேர் இஸ் லிட்டில் ஹோப்' என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை நாமதான், எல்லாரும் நம்ம முகத்தைத்தான் பார்ப்பாங்க. 'கொஞ்சம் நம்பிக்கை இருக்காம் பாட்டி' என்று சொன்னால் அது பொய்ச் செய்தி. டாக்டர் சொன்னது 'அநேகமாக நம்பிக்கை இல்லை' என்று. அவர் 'எ லிட்டில் ஹோப்' என்று சொல்லியிருந்தால் பாட்டியிடம் தைரியமாகச் சொல்லலாம். எண்ணக்கூடியவற்றுக்கு இதே வேலையை ஃபியூ, எ ஃபியூ செய்யும். 'ஃபியூ பஸ்ஸஸ்' என்றால் பஸ் இல்லாத குறை, 'எ ஃபியூ பஸ்ஸஸ்' என்றால் நாலைந்தாவது ஓடுகிறது, காத்திருக்கலாம்.